கம்ப்யூட்டர் ஒத்துக்கொள்ளாத குடும்பம்

வாங்க, வாங்க. எல்லாரும் சௌக்கியமா? முழங்கால் வலி என்று எழுதியிருந்தீர்களே, இப்போது மாடிப்படி ஏற முடிகிறதா? இருமல் இருக்கிறவர்கள் பக்கத்தில் ஒரு டம்ளர் வெந்நீர் வைத்துக்கொண்டு படியுங்கள். காவ்சியுங் துறைமுகத்துப் பக்கம், ஜின்-ஜூவின் காலைப் பலகாரக் கடையில் இன்றைக்குப் பெரிய கூத்து காத்திருக்கிறது.

போன வாரத்தைத் தவறவிட்டவர்களுக்காக ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன்.

ஜின்-ஜூ கடை முதலாளியம்மா. அவள் புருஷன் சூ தியென்-சாய், துறைமுகத்தில் கப்பல்களுக்குக் கொடியும் விளக்கும் காட்டி ஓய்வு பெற்றவர். மூத்தவள் பெய்-ரூ போர்த்துகலில், போர்ட்டோ ஊரில் இருக்கிறாள். அவளுக்கு மார்ச்சில் தலைப்பிரசவம். இளையவன் குவான்-வெய் கனடாவில், வான்கூவரில். அவனுக்குப் பிப்ரவரியில் கல்யாணம். இரண்டு ஊருக்கும் தனித்தனியாக டிக்கெட் எடுத்தால் கடையைத்தான் விற்க வேண்டும். ஆனால் ஜின்-ஜூவிடம் ஒரு சொத்து இருந்தது. மாவு, முட்டை, எண்ணெய் என்று எதை வாங்கினாலும் கிரெடிட் கார்டைத் தேய்த்துத் தேய்த்துச் சேர்த்த பாயின்ட். அதை விமானக் கம்பெனி மைலாக மாற்றினால், ஒரே டிக்கெட்டில் உலகத்தையே ஒரு சுற்றுச் சுற்றிவிடலாம்.

இதைச் சொல்லத்தான் போன வாரம் மகளுக்குப் போன் போட்டாள். மகளோ பாதியிலேயே வெட்டிவிட்டாள்.

"எதுக்கும்மா இவ்வளவு சிரமம்? அப்பாவும் நீங்களும் தம்பி கல்யாணத்துக்குப் போயிட்டு வாங்க. எனக்கு அடுத்த தடவை பார்த்துக்கலாம்."

அடுத்த தடவை.

அந்த இரண்டு வார்த்தை ஜின்-ஜூவின் தொண்டையில் மீன்முள் மாதிரி மாட்டிக்கொண்டது. வீட்டில் கோழி சமைத்தால் ஒரு தொடை அப்பாவுக்கு, ஒரு தொடை தம்பிக்கு. உனக்கு அடுத்த தடவைடி கண்ணு. இங்கிலீஷ் டியூஷன் தம்பிக்கு. உனக்கு அடுத்த தடவை. அந்த அடுத்த தடவை எந்த வருஷமாவது வந்ததா என்று யோசித்து யோசித்து ஜின்-ஜூவுக்கு ஒரு வாரமாகத் தூக்கமில்லை.

சரி, இன்றைக்கு வருவோம்.

காலை நேரம். தோசைக்கல் மாதிரி அகலமான இரும்புத் தகட்டில் முட்டைச் சுருள்கள் வரிசையாகப் பொரிந்துகொண்டிருந்தன.

"அழகி, உனக்குச் சாஸ் ஊத்தட்டுமா? அழகா, சோயாப்பால் சூடாவா, ஜில்லுனா?"

கடைக்கு வருகிறவர்களுக்கு எண்பது வயதானாலும் ஜின்-ஜூவுக்கு அவர்கள் அழகனும் அழகியும்தான். யார் பெயரும் அவளுக்கு நினைவில் நிற்காது. யாரும் கோபித்துக்கொண்டதும் இல்லை.

ஸ்கூட்டரைப் பாதி ரோட்டிலேயே நிறுத்திவிட்டு, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்தாள் மெய்-யூன். தியென்-சாயின் தங்கை. ஜின்-ஜூவுக்கு நாத்தனார்.

"அண்ணி! மாட்சு அம்மா மூணு தடவை சரின்னுட்டா! வரிசையா மூணு தடவை!"

கோயிலில் இரண்டு பிறைக் கட்டைகளைத் தரையில் போட்டு, கடல் காக்கும் மாட்சு அம்மனிடம் கேட்கிற வழக்கம்தான். ஒன்று குப்புறவும் ஒன்று மல்லாக்கவும் விழுந்தால் சரி என்று அர்த்தம். மூன்று முறை அப்படியே விழுந்தால் மறுபேச்சு கிடையாது.

"எதுக்குச் சரின்னா?"

"வடமீனுக்கு! உங்க பாயின்ட் எல்லாத்தையும் வடமீன் விமானக் கம்பெனியில போடுங்க அண்ணி. இன்னைக்குப் போட்டா கூடுதலா மைல் தர்றான்."

ஜின்-ஜூ ஒரு சுருளைப் புரட்டிப் போட்டாள். "நீ அம்மாகிட்ட என்ன கேட்ட?"

"வடமீன் நல்ல திட்டமான்னு கேட்டேன்."

"நல்ல திட்டம்தான். யாரு இல்லேன்னா? எனக்கு நல்லதான்னு கேட்டியா?"

"அது... அப்படிக் கேக்கலியே."

"பின்னே அம்மா என்ன பண்ணுவா? கேட்டதுக்குப் பதில் சொல்லிட்டா, பாவம்."

வரிசையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். சோயாப்பாலுக்குக் காத்திருந்த பஸ் டிரைவர் சும்மா இருக்காமல், "ஏன்க்கா, ஆளைச் சேத்துவிட்டா வடமீன்காரன் சக்கரம் வச்ச பெட்டி ஒண்ணு இனாமாத் தர்றானாமே? என் மச்சினிச்சி சிவப்பு வாங்கினா" என்றார்.

மெய்-யூன் அப்போதுதான் ஹெல்மெட்டைக் கழற்றினாள். காது இரண்டும் சிவந்திருந்தது. "பெட்டி கிடக்குது பெட்டி. நான் குடும்ப நல்லதுக்குச் சொல்றேன்."

"என்ன கலர் கேட்டிருக்க?" என்றாள் ஜின்-ஜூ.

"...ஊதா."

மெய்-யூன் சொன்னது முழுக்கத் தப்பும் இல்லை. ஜின்-ஜூவுக்கு முன்னால் இரண்டு கதவு இருந்தது. வடமீன் வெளிநாட்டுக் கம்பெனி. இன்று தரும் கூடுதல் மைலைச் சேர்த்தால் ஜின்-ஜூவின் பாயின்டிலேயே இரண்டு பேரும் உலகம் சுற்றலாம். ஆனால் கிளம்பிய ஒரு மாதத்துக்குள் வீடு திரும்பிவிட வேண்டும். இன்னொன்று உள்ளூர்க் கம்பெனியான நீலக்கொக்கு. அதில் ஒரு வருஷம்வரை எங்கே எத்தனை நாள் வேண்டுமானாலும் தங்கலாம். ஆனால் ஜின்-ஜூவின் பாயின்ட் ஒரு ஆளுக்குத்தான் காணும். இரண்டாவது டிக்கெட்டுக்குப் பிள்ளைகள் ஊருக்கு வந்துபோனபோது சேர்ந்த மைலையும் ஒரே குடும்பக் கணக்கில் கொட்ட வேண்டும். அதோடு, உலகம் சுற்றும் டிக்கெட்டை நீலக்கொக்கு இன்று மாலையோடு நிறுத்துகிறது. நாளைக்குக் கேட்டால் கிடையாது.

பாயின்டை ஒரு கதவுக்குள் அனுப்பிவிட்டால் திரும்பி வராது. அதுதான் சங்கடம்.

கல்யாணப் பந்தியில் மாப்பிள்ளையின் அப்பா அம்மா இரண்டு பேரும் தலைமேசையில் உட்கார்ந்தாக வேண்டும். ஆகவே டிக்கெட் இரண்டு வேண்டும். பிள்ளை பெற்றவளை ஒரு மாதம் முழுக்க உட்காரவைத்துப் பார்க்க வேண்டும். ஆகவே நாளும் வேண்டும்.

மதியம். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. தியென்-சாய் சோயாப்பால் வடிகட்டும் துணியை அலசிக்கொண்டிருந்தார். ஜின்-ஜூ எவர்சில்வர் மேசையில் போனைச் சாய்த்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நாத்தனாரும் போகவில்லை. முள்ளங்கிக் கேக் மிச்சம் இருக்கிறவரை அவள் போகமாட்டாள்.

நீலக்கொக்கில் புருஷன் பெயரில் குடும்பக் கணக்கு திறந்தாயிற்று. மனைவி என்று ஜின்-ஜூவையும் கொக்கு ஏற்றுக்கொண்டது. மகள் பெயரைப் போட்டாள். சிவப்பாக ஒரு வரி வந்தது. மகன் பெயரைப் போட்டாள். அதே சிவப்பு. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தாள்.

"கிழட்டுக் குரங்கே, இங்க வா. உன் பிள்ளைங்க உன் பிள்ளைங்க இல்லையாம்."

தியென்-சாய் கையை உதறிக்கொண்டு வந்தார். "யாரு சொன்னது?"

"கொக்கு சொல்லுது. குடும்பப் பேரு பொருந்தலியாம்."

அவர் குனிந்து பார்த்தார். பார்த்ததும் முகம் ஒரு மாதிரியாகிவிட்டது. ஜின்-ஜூவுக்கு அந்த முகம் தெரியும். ஏதோ ஒன்றை ரொம்பச் சரியாகச் செய்து மாட்டிக்கொண்ட முகம்.

சூ என்கிற பெயர் சீன எழுத்தில் ஒன்றேதான். அதை இங்கிலீஷில் எப்படி எழுதுவது என்று அரசாங்கம் அவ்வப்போது மனசை மாற்றிக்கொண்டது. மற்ற வீட்டில் எல்லாம் அப்பா பாஸ்போர்ட்டைப் பார்த்துப் பிள்ளைக்கும் அப்படியே எழுதிவிட்டுப் போனார்கள். தியென்-சாய் வாழ்நாளில் ஒரு கொடியைக்கூட மாற்றிக் காட்டாதவர். ஒவ்வொரு பிள்ளைக்கும் அந்த வருஷத்து விதி எதுவோ அதைக் கேட்டுக் கேட்டு எழுதினார். அப்பா எச்-எஸ்-யூ. மகள் எஸ்-ஒய்-யூ. மகன் எக்ஸ்-யூ.

"நான் சட்டப்படிதான் எழுதினேன்" என்றார் மெதுவாக.

"ஒரு தப்பும் பண்ணாமலே வீட்டை மூணாப் பிரிச்சவன் ஊர்லயே நீ ஒருத்தன்தான்."

"அன்னைக்கு அதுதான் விதி, முதலாளியம்மா."

"அப்ப அந்த விதியையே கூட்டிட்டுப் போய்த் தலைமேசையில உக்காரவை."

மெய்-யூன் முள்ளங்கிக் கேக்கை மென்றபடி, "வடமீன்ல குடும்பமே தேவையில்லை" என்று கூரையைப் பார்த்துச் சொன்னாள்.

குவான்-வெய் வீடியோவில் வந்தான். அங்கே ராத்திரிச் சாப்பாடு முடித்துப் பல் குத்திக்கொண்டிருந்தான். விஷயத்தைக் கேட்டதும் அத்தை கட்சியில் சேர்ந்துவிட்டான்.

"வடமீன்லயே போடுங்கம்மா. எதுக்குத் தலைவலி? வான்கூவர்ல பத்து நாள் இருங்க. கல்யாணம் முடிஞ்சதும் அக்கா வீட்ல ஒரு வாரம். அப்படியே ஊரு."

"ஒரு வாரமா? பெத்தவளுக்கு ஒரு வாரமா? குழந்தை எப்ப வருதோ? நான் கல்யாணச் சேலையோட போய்ப் பெரிய வயித்தைப் பாத்துட்டுத் திரும்பணுமா? ஒரு மாசம்டா! காத்து படக்கூடாது. பச்சைத் தண்ணியில கை வைக்கக்கூடாது. தினமும் நல்லெண்ணெய்க் கோழி, இஞ்சி தட்டிப் போட்டு—"

"அம்மா, அங்கெல்லாம் அந்தப் பழக்கம் இல்லம்மா. பெத்த அன்னைக்கே ஆஸ்பத்திரியில ஐஸ் தண்ணி குடுக்கறாங்க."

கரண்டி தரையில் விழுந்தது.

"ஐஸ் தண்ணியா?"

"தம்பி," என்றார் தியென்-சாய், "அந்த வார்த்தையை ஏண்டா சொன்னே?"

"இல்லப்பா, அக்காவே சொல்லிட்டாளே. அடுத்த தடவை பார்த்துக்கலாம்னு."

ஜின்-ஜூ கரண்டியை எடுத்துத் துடைத்தாள். துடைத்ததையே மறுபடி துடைத்தாள்.

"அது அவ பேச்சு இல்லடா. நான் சொல்லிக் குடுத்த பேச்சு. முப்பது வருஷமா நல்லாப் படிச்சுட்டா. இந்தத் தடவை அவளை அப்படிச் சொல்லவிட மாட்டேன். உனக்குக் கல்யாணம் வேணும்ல? முழிச்சிட்டு இரு. கூப்பிடுவேன்."

போனை வைத்தாள். உடனே நீலக்கொக்கின் டிக்கெட் மேசைக்கு அடித்தாள். பாட்டு ஓடியது. ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது. கடைசியில் ஒரு பையன் குரல் வந்தது.

"வணக்கம், நான் உங்களுக்கு என்ன—"

"அழகா, நல்லவேளை எடுத்தே! சாப்பிட்டியா?"

அந்தப் பக்கம் கொஞ்சம் தடுமாறியது. "சாப்... சாப்பிட்டேங்க."

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். கல்யாணம், பிரசவம், ஐஸ் தண்ணி, எச்-எஸ்-யூ, எல்லாம். பையன் பொறுமையாகக் கேட்டான். பிறகு மனப்பாடமாகச் சொன்னான்.

"குடும்பக் கணக்குல சேர பாஸ்போர்ட்ல இருக்கற குடும்பப் பேரு எழுத்துக்கு எழுத்து ஒண்ணா இருக்கணும்க்கா. சிஸ்டம் ஒத்துக்காது."

"உன் பேரு என்ன தம்பி?"

"சூங்க."

ஜின்-ஜூ நிமிர்ந்து உட்கார்ந்தாள். "எந்த சூ?"

"எழுத்துல இடது பக்கம் 'பேச்சு', வலது பக்கம் 'நண்பகல்'. அந்த சூ."

"நம்ம சூ! இங்கிலீஷ்ல எப்படி எழுதுவே?"

"எஸ்-எச்-இ-யூ." குரல் தணிந்தது. "எங்க அண்ணன் எச்-எஸ்-யூ."

"அப்ப நீயும் உங்கண்ணனும் ஒரு வீடா, வேற வேற வீடா?"

பையன் சிரித்துவிட்டான். அங்கே பக்கத்தில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். சிரிப்பு நின்றது. "எனக்குப் புரியுதுக்கா. ஆனா சிஸ்டத்துக்குப் புரியாதே."

ஜின்-ஜூ வெளியே பார்த்தாள். ஷட்டரின் கீழே தெரிந்த வெயிலில் கடைப் பலகையின் நிழல் விழுந்திருந்தது. சூ வீட்டுக் காலைப் பலகாரம். முதல் எழுத்து பெரிதாக. கல்யாணமாகி வந்த வருஷம் தியென்-சாய் தன் கையால் எழுதியது. இடப்பக்கம் பேச்சு, வலப்பக்கம் நண்பகல். இரண்டும் சேர்ந்தால் சம்மதம் என்று அர்த்தம். ஒப்புக்கொள்வது. வாக்குக் கொடுப்பது.

பளிச்சென்று அவளுக்கு ஒன்று தோன்றியது.

"தம்பி, உங்க கொக்குல கணக்கு ஆரம்பிக்கறப்ப, நம்ம எழுத்துல பேரு எழுத ஒரு கட்டம் வந்துச்சே. எனக்கு இங்கிலீஷ் வராதா, நான் முதல்ல அதைத்தான் எழுதினேன். மத்ததெல்லாம் இந்தக் கிழட்டுக் குரங்கு எழுதுச்சு."

"ஆமாங்க. அது கட்டாயம் இல்லை. யாரும் எழுதறதில்லை."

"எழுதினா?"

விசைகள் தட்டுகிற சத்தம் கேட்டது. "ஒரு நிமிஷம்க்கா." மறுபடி பாட்டு.

மெய்-யூன் மேசைக்குக் கிட்டே நகர்ந்து உட்கார்ந்தாள். தியென்-சாய் ஈரத்துணியைப் பிழிந்துகொண்டே நின்றார். அதில் பிழியத் தண்ணீர் இல்லை.

"அக்கா? உங்க பிள்ளைங்க ரெண்டு பேரும் இப்பவே அந்தக் கட்டத்துல நம்ம எழுத்துல பேரை எழுதினா, நான் கையால சேர்த்து மேலதிகாரிக்கு அனுப்பலாம். அவர் பார்த்துச் சரின்னா சரி. ஆனா உங்க பாயின்ட் முதல்ல இங்க வந்து சேர்ந்திருக்கணும். மேசையைச் சாயங்காலம் மூடிருவாங்க."

"பாயின்டை முதல்லயே அனுப்பணுமா?"

"ஆமாங்க."

மெய்-யூன் அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். இப்போது பெட்டிக்காக இல்லை. "அண்ணி, யோசிங்க. அனுப்பிட்டு அந்த அதிகாரி முடியாதுன்னுட்டா? ஒரே டிக்கெட்டு. அண்ணன் கல்யாணத்துல இருக்கமாட்டாரு. வடமீன்ல போட்டா ரெண்டு பேருக்கும் நிச்சயம்."

நிச்சயம்தான். பயமில்லாமல் கல்யாணச் சாப்பாடு சாப்பிடலாம். மகளை மட்டும் ஒரு வாரம் பார்த்துவிட்டு வரவேண்டும். மகள் எப்போதும்போல ஒன்றும் சொல்லமாட்டாள்.

ஜின்-ஜூ புருஷனைப் பார்த்தாள். "என்ன பண்ணட்டும்?"

தியென்-சாய் துணியை வைத்தார். "மூணு விதமா எழுதினது நான். அது ஒண்ணாச் சேரலைன்னா வீட்ல இருக்க வேண்டியதும் நான்தான். நீ அனுப்பு."

அவள் ஏப்ரனில் கட்டைவிரலைத் துடைத்தாள். அழுத்தினாள்.

பாயின்ட் எல்லாம் போயிற்று. கார்டில் ஒரு பெரிய முட்டை நின்றது.

குவான்-வெய் ஒரே அடியில் எழுதிவிட்டான். அம்மாவின் குரலைக் கேட்டதும் ஏன் எதற்கு என்றுகூடக் கேட்கவில்லை. பெய்-ரூவின் போன்தான் அடித்துக்கொண்டே இருந்தது. மூன்றாவது தடவை மருமகன் எடுத்தான். துவார்த்தே. தாடிக்குள்ளிருந்து பல்லெல்லாம் தெரிய, சீன பாஷையில் தனக்குத் தெரிந்த இரண்டு வாக்கியங்களில் ஒன்றைச் சொன்னான்.

"அத்தே! சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டேன், சாப்பிட்டேன். பெய்-ரூ எங்க? பெய்-ரூ! பேரு! எழுது! கொக்கு!"

துவார்த்தே யோசித்தான். மற்ற வாக்கியத்தைச் சொன்னான். "வயிறு நிறைஞ்சுது."

"ஐயோ, இது வேறயா!"

தியென்-சாய் மனைவியைத் தள்ளிவிட்டு முன்னால் வந்தார். மேசையிலிருந்த முட்டை அட்டையைக் கிழித்து, மார்க்கரால் பெரிதாக அந்த எழுத்தை எழுதிக் காட்டினார். பிறகு எழுதுகிற மாதிரி சைகை. கப்பல்காரர்கள் எந்த ஊர்க்காரனானாலும் அவருக்குப் புரியவைத்திருக்கிறார்.

துவார்த்தேயின் முகம் மலர்ந்தது. பிறக்கப்போகிற பிள்ளைக்காக அவன் இரண்டு மாதமாக அந்த எழுத்தைப் பழகிக்கொண்டிருந்தான். ஓடிப்போய்க் காகிதம் எடுத்துவந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதி, பெருமையாகத் தூக்கிக் காட்டினான்.

கடையில் மூன்று பேரும் முன்னால் குனிந்தார்கள்.

பேச்சு சரியாகத்தான் இருந்தது. நண்பகலின் நடுக்கோடுதான் மேலே முட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டது. அது வந்தால் நண்பகல் நண்பகல் இல்லை. மாடு.

"மாடு பேசுது" என்றாள் மெய்-யூன்.

"கொம்பு! மாப்பிள்ளை, கொம்பை வெட்டுங்க!" ஜின்-ஜூ இரண்டு விரலைத் தலைமேல் வைத்துக் காட்டி, கத்தரிக்கோல் மாதிரி வெட்டினாள். "கொம்பு! வெட்டு!"

துவார்த்தே பயந்துபோய்த் தன் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டான்.

அவன் பின்னால் கதவு திறந்தது. தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, வயிற்றைத் தாங்கியபடி பெய்-ரூ நின்றாள். காலங்கார்த்தால அம்மா கொம்பு வைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்து, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"என்னம்மா நடக்குது அங்க?"

ஜின்-ஜூ சொன்னாள். பாதி கேட்கும்போதே பெய்-ரூவின் சிரிப்பு வடிந்துவிட்டது.

"பாயின்டை எல்லாம் அனுப்பிட்டீங்களா? எனக்காகவா? ஏம்மா இப்படி? நான்தான் அடுத்த தடவைன்னு—"

"அந்த வார்த்தை இனிமே நம்ம வீட்ல கிடையாது. தீந்துபோச்சு. கடையில ஸ்டாக் இல்லை. உன் பேரை எழுதுடி, அழகி."

பெய்-ரூ கேமராவைப் பார்க்கவில்லை. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது. "ஊர்ல இருக்கறவங்களை எல்லாம் அழகின்னு கூப்பிடுவீங்க. என்னை ஒரு நாள்கூடக் கூப்பிட்டதில்லை."

"இப்பக் கூப்பிட்டேன்ல? எழுது. அப்புறம் அழு."

எழுதினாள். கொம்பில்லாமல்.

பாட்டு மறுபடி ஓடியது. வெளியே துறைமுகத்தில் ஒரு கப்பல் நீளமாக ஊதியது. தியென்-சாய் பழக்கதோஷத்தில் தலையைத் திருப்பி, "இழுவைப் படகு கேக்குறான்" என்றார்.

"அக்கா?" பையன் குரல். "அதிகாரி பார்த்தார்."

"என்னாச்சு? அவருக்கு எங்க பேரோட அர்த்தம் தெரியும்ல? அதைப் பாத்துட்டு முடியாதுன்னாரா?"

"அவரும் அதைத்தான்க்கா சொன்னார். மூணும் ஒரே எழுத்து, அந்த எழுத்தே சம்மதம்னு இருக்கு, நாம என்ன தடுக்கறதுன்னுட்டார். சேர்த்தாச்சு. ரெண்டு டிக்கெட்."

மெய்-யூன் போட்ட கூச்சலில் எதிர்க்கடைப் பல் டாக்டர் வெளியே வந்து பார்த்தார். துவார்த்தே எதற்கென்று தெரியாமலே கைதட்டினான். ஜின்-ஜூ மட்டும் அசையவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்தவள், ஏப்ரனைத் தூக்கி முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. சிரிப்பா அழுகையா என்று தியென்-சாய்க்குத் தெரியவில்லை. முதுகில் இரண்டு தட்டுத் தட்டினார், கப்பல் சுவரைத் தட்டுகிற மாதிரி.

"ஒண்ணே ஒண்ணுக்கா" என்றான் பையன். "இந்த டிக்கெட்ல ஒரே திசைதான் போகலாம். நடுவுல திரும்ப முடியாது. கிழக்கா, மேற்கா?"

தியென்-சாய் போனை வாங்கினார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார். முப்பத்தைந்து வருஷம் மற்றவர்களுக்கு வழி காட்டி அனுப்பிய மனிதர். தனக்கென்று ஒரு திசையை ஒருத்தரும் கேட்டதில்லை.

"கிழக்கு" என்றார் அதிகாரமாக. "முதல்ல கல்யாணம். அடுத்துப் பேரப்பிள்ளை. சூரியன் உதிக்கற பக்கமாவே போய், பின்பக்கமா வந்து வீட்டுக் கதவைத் தட்டுறோம்."

பையன் ஊர்ப் பெயர்களைப் படித்துக்கொண்டே போனான். டோக்கியோ, வான்கூவர், டொரான்டோ, போர்ட்டோ, இஸ்தான்புல், தைபே. ஜின்-ஜூ ஏப்ரனுக்குள்ளிருந்தே ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். பாயின்ட் சேர்த்த முட்டையெல்லாம் கண்முன்னால் உருண்டோடியது.

"ரொம்ப நன்றி அழகா. ஒரு நாள் கடைக்கு வா. முட்டைச் சுருள் எத்தனை வேணும்னாலும் தின்னு. உங்கண்ணனையும் கூட்டிட்டு வா, எச்-எஸ்-யூவை."

வீடியோவில் பெய்-ரூ இன்னும் இருந்தாள். கண் வீங்கியிருந்தது. "அம்மா, அந்தக் கோழி. ஒரு மாசம் தினமுமா?"

"தினமும். கறுப்பு நல்லெண்ணெய், அரிசி மது, எல்லாம் நானே எடுத்துட்டு வர்றேன். தொடை ரெண்டும் உனக்குத்தான்."

"ரெண்டுமா?" என்றார் தியென்-சாய். "அப்ப எனக்கு?"

ஜின்-ஜூ ஏப்ரனை இறக்கிவிட்டு அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"உனக்கு அடுத்த தடவை."

போர்ட்டோவிலும் காவ்சியுங்கிலும் ஒரே நேரத்தில் சிரிப்பு வெடித்தது. வார்த்தை தீர்ந்துபோனதென்று சொன்னவள் கடைசியாக ஒன்றை அடியில் ஒளித்துவைத்திருந்தாள் போலிருக்கிறது.

சாயங்காலம் ஷட்டரை முழுக்க இறக்கினார்கள். தியென்-சாய் ஏணி போட்டு ஏறி, கடைப் பலகையின் முதல் எழுத்தை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். மெய்-யூன் ஒரு ஓரமாகத் தன் போனை நோண்டிக்கொண்டிருந்தாள். வழக்கத்துக்கு மாறாகப் பேச்சே இல்லை. கொஞ்ச நேரத்தில், "வர்றேன் அண்ணி" என்று ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டாள். முள்ளங்கிக் கேக் இன்னும் ஒரு துண்டு மிச்சம் இருந்தது. ஜின்-ஜூவுக்கு அதுவே விசித்திரமாகப் பட்டது.

போன் டிங் என்றது.

நீலக்கொக்கு. உங்கள் குடும்பத்தில் சேர ஒருவர் விண்ணப்பித்திருக்கிறார். பெயர், சீன எழுத்தில், அழகாக, கொம்பில்லாமல்: சூ மெய்-யூன். அதன் கீழே அவளே தட்டிய ஒரு வரி. 'அண்ணி, நானும்தானே சூ? பெரிசா மைல் எதுவும் இல்லை. ஆனா வடமீன்ல வேற ஆளைச் சேத்துவிட்டுட்டேன், ஊதாப் பெட்டி எப்படியும் வருது. வெறும் பெட்டியா எதுக்கு வீட்ல கிடக்கணும்?'

அடியில் இரண்டு பொத்தான். ஒன்றில் சம்மதம். ஒன்றில் மறுப்பு.

"யாரு?" என்றார் தியென்-சாய் ஏணியிலிருந்து.

ஜின்-ஜூ ஏப்ரனில் கட்டைவிரலைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அவள் எதை அழுத்தியிருப்பாள் என்று நினைக்கிறீர்கள்? உங்கள் வீட்டிலும் இப்படித்தானே, ஒருத்தர் பெயரில் 'எச்' இருக்கும், ஒருத்தர் பெயரில் இருக்காது. இனிஷியல் முன்னால் ஒருத்தருக்கு, பின்னால் ஒருத்தருக்கு. அதனால் எந்த ஆபீஸில், எந்த விமான நிலையத்தில் மாட்டிக்கொண்டீர்கள், எப்படித் தப்பித்தீர்கள்? ஒன்றுவிடாமல் எழுதுங்கள். அப்படியே உங்கள் நாத்தனாரைக் கூட்டிக்கொண்டு ஊர் போன கதை இருந்தால் அதையும் எழுதுங்கள். அவர் கண்ணில் படாமல் தபாலில் சேருங்கள்.